புளி விட்ட இன்குயி

வெண்டிக்காயை வழுவழுவென்று சமைத்து மேசையில் வைக்கிறவர்களை றோசலின் மனிசராகவே கணக்கெடுக்கமாட்டாள். இதை அவள் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை. மாதா கோயில் ஒன்றுகூடலில் யாராவது அப்படியொரு கறியைக் கொண்டுவந்து வைத்தால் அகப்பையைத் தூக்கிப் பார்ப்பாள். நூல் நூலாக இழுபட்டால் முடிந்தது கதை. "இதென்னடியப்பா, மூக்குச்சளி மாதிரி?" என்று சமைத்தவளின் காதுபடவே கேட்பாள். அவளுடைய வீட்டில் வெண்டிக்காய் துணியால் துடைபட்டு, காயவிடப்பட்டு, பெரிய துண்டுகளாக எண்ணெயில் பொரிந்து, அதன்பிறகுதான் பழப்புளிக்குள் இறங்கும். மருந்துக்கும் பசை இராது. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அந்தக் கையின் சமையலுக்கு மொன்றியலில் குறை சொன்னவர் எவருமில்லை.

மன்னார் பேசாலையில் பிறந்தவள். தகப்பன் கடலோடு போனார், தாய் நோயோடு போனா. மிஞ்சியது றோசலினும், அவளுக்கு மிகவும் பின்னால் பிறந்த தம்பி டனிஸ்ரனும். தம்பியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு இருபத்திரண்டு வயதில் கனடாவுக்கு வந்து, தையல் பக்டரியில் சட்டைக் கொலர் தைத்துத் தைத்து, அவனைக் கூப்பிட்டு எடுத்தாள். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தம்பி ஒரு வழிக்கு வரட்டும்" என்றாள். தம்பி ஒரு வழிக்கு வந்தான், துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டினான். பேச்சுக் கொண்டுவந்தவர்கள்தான் பிறகு வரவில்லை. அதற்காக அவள் மூலையில் இருந்து அழுததாக எவரும் நினைக்கவேண்டாம். அழுகிறதற்கு அவளுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

தையலை விட்டபிறகு வில்லரே என்ற பகுதியில் ஒரு கார்தெரியில், சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சமையல்காரியாகச் சேர்ந்தாள். பிரெஞ்சு அங்கேதான் படித்தாள், மூன்று வயதுப் பிள்ளைகளிடம். ஆகையால் அவளுடைய பிரெஞ்சில் பெரிய ஆட்களோடு கதைக்கிற வசனமே கிடையாது. வங்கி மனேஜரிடமும் "பிராவோ, கெட்டிக்காரப் பிள்ளை" என்றுதான் சொல்லுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து வில்லரேயிலேயே ஒரு டூப்ளெக்ஸ் வாங்கினார்கள். மேல்வீடு அக்காவுக்கு, கீழ்வீடு தம்பிக்கு. பாடினால் நாய் குரைக்கும் என்ற குரலுள்ள டனிஸ்ரன் திடீரென்று கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோதே றோசலின் விளங்கிக்கொண்டிருக்கவேண்டும். விளங்கவில்லை. ஒருநாள் அவன் அந்தக் குழுவில் பாடிய ஆர்லெற்றைக் கூட்டிக்கொண்டு வந்து குசினி வாசலில் நிறுத்தினான். கமரூனில் பாவுசாம் என்ற ஊர்ப் பிள்ளை. முதியோர் இல்லமொன்றில் தாதிக்கு உதவியாளர். உயரமும் நிமிர்வுமாக நின்று, டனிஸ்ரன் சொல்லிக்கொடுத்தபடி "அக்கா" என்றாள்.

றோசலின் ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு, கதைக்காமல் இருக்க முடியாத பிறவி என்பதாலே, கதைத்தாள். கலியாணத்துக்குப் பட்டுச்சேலை உடுத்து, முந்நூறு பேருக்கு ரோல்ஸ் உருட்டினாள்.

கீழ்வீட்டுக் குசினியில் ஆர்லெற் சமைக்கிற மணம் படிக்கட்டு வழியாக மேலே வரும். கருவாட்டு மணத்துக்குச் சொந்தக்காரியான றோசலினுக்கு அது அந்நியமாகவே இருக்கவில்லை. காய்ந்த இறால், சுட்ட மீன், உறைக்கிற மிளகாய். அந்தப் பிள்ளை வாழைக்காயை எயார்பிரையரில் போட்டு எடுப்பாள். மூலைத் தெப்பனர் கடையில் வாங்கிய கச்சான் பட்டரை வெங்காயத்தோடு வதக்கி, உறைநிலைப் பசளிக் கீரையும் ஊரிலிருந்து வந்த கசப்பு இலையும் கலந்து ஒரு கறி வைப்பாள். வேலையால் வந்து அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். "மிளகாய்க்குப் பயப்படாத பிள்ளை" என்று றோசலின் கோயிலில் சொன்னாள். அவளுடைய வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ். ஒரேயொரு முறை ஆர்லெற் வெண்டிக்காய் சோஸ் வைத்தாள். றோசலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதது எவ்வளவு பெரிய மரியாதை என்று ஆர்லெற்றுக்குத் தெரிய நியாயமில்லை.

மாசி மாதத்துக் கொடுங்குளிரில் பெண் குழந்தை பிறந்தது, வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். ஆர்லெற்றின் தாய் வந்து மூன்று மாதம் நிற்பதாக ஏற்பாடு. விசா கிடைக்கவில்லை. தொலைபேசியில் தாயும் மகளும் அழுததைக் கேட்டு றோசலினுக்கு நெஞ்சு உருகிப்போயிற்று. "அழாத பிள்ளை, நான் ஒருத்தி இருக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கார்தெரியில் லீவு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

இறங்கியவள் பத்தியத்தைத் தொடங்கினாள். மிளகு, சீரகம், மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைத்த சரக்குக் கறி. பால் சுரக்கச் சுறா வறை. முருங்கையிலைச் சுண்டல். குடிக்க மல்லித் தண்ணி. பச்சைத்தண்ணி கூடாது, பழம் கூடாது, தயிர் கூடவே கூடாது. தட்டிலே அளவாகப் போட்டு, படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கதவோரம் நின்றுகொள்வாள். பிள்ளைப்பெற்றவள் கடைசி வாய் உண்ணும்வரை நின்று பார்த்து, தட்டை வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்குத் தெரிந்த பராமரிப்பு அதுதான். பத்தியச் சட்டியிலிருந்து தன் வாய்க்கென்று ஒரு துண்டு மீன்கூட எடுக்கமாட்டாள். அது பிள்ளைப்பெற்றவளின் பங்கு.

முதல் கிழமை ஆர்லெற் சாப்பிட்டாள். அடுத்த கிழமை பாதி. அதற்கடுத்த கிழமை தட்டு போனபடியே திரும்பி வந்தது. பால் போதவில்லை, குழந்தை கத்தியது, தாய் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். றோசலினுக்குக் கவலையும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் கோபம்தான்.

"ஏன்டா தம்பி, என்ர சாப்பாட்டில என்ன குறையாம்?"

டனிஸ்ரன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "குறையெண்டு இல்லையக்கா. அவளின்ர சின்னம்மா பெர்னாடெற் அன்ரி கற்றினோவில இருந்து சனிக்கிழமை காரோட வாறா. அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகப்போறா."

"எத்தினை நாளுக்கு?"

"தெரியாது. அங்கயும் லொறி வேலை இருக்காம். நானும் பாக்கலாமெண்டு…"

வசனத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று றோசலினுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கற்றினோ இரண்டரை மணித்தியால ஓட்டம். பிறந்தநாளுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் வருவார்கள். கீழ்வீட்டை யாருக்கோ வாடகைக்குக் கொடுப்பார்கள். மேல்வீட்டில் அவள் தனியாக இருந்து தனக்கென்று ஒரு சுண்டு அரிசி போடுவாள். அந்தக் குழந்தையின் உச்சி மணத்தை விட்டுவிட்டு அவள் என்னத்துக்கு இருப்பது?

வியாழக்கிழமை ஒரு பொதி வந்தது. கமரூனிலிருந்து வந்த யாரோ ஒருவர் கையில் ஆர்லெற்றின் தாய் கொடுத்துவிட்டது. தான் கொண்டுவரவென்று கட்டி வைத்திருந்த சாமான். ஒரு கட்டுக் காய்ந்த மரப்பட்டை, ஒரு பை இடித்த சரக்குத் தூள். அதை மூக்கில் வைத்துக்கொண்டு ஆர்லெற் கண்ணை மூடினாள். "இன்குயி" என்றாள். அவர்களுடைய ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற கறி, பால் கொண்டுவருகிற கறி. வயிற்றுத் தையலோடு அவளால் அடுப்படியில் நிற்க முடியாது.

"நான் சமைக்கிறன்" என்றாள் றோசலின். எங்கே, விட்டுவிடுவாளா?

வெள்ளிக்கிழமை காலையில் ஆர்லெற் அசந்து தூங்கினாள். றோசலின் கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு பாவுசாமில் இருந்த தாயை வீடியோவில் அழைத்தாள். தலையில் துணி கட்டிய அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, றோசலின் "பிராவோ கண்ணே, வடிவாச் சொன்னாய்" என்று தன்னைவிட வயதில் மூத்தவளைத் தட்டிக்கொடுத்தாள். அந்த அம்மாவும் பொறுத்துக்கொண்டா. பட்டையைச் சுடுதண்ணியில் ஊறவை, கையால் பிசை, பிசைந்துகொண்டே இரு. அதுவரைக்கும் வந்தபோது பாவுசாமில் மின்சாரம் போய்ப் படம் நின்றுவிட்டது.

றோசலின் பிசைந்தாள். பிசையப் பிசையத் தண்ணி தடித்தது. தடித்து, வழுவழுத்து, அவளுடைய விரலிலிருந்து சட்டி வரைக்கும் கயிறாகத் தொங்கியது. அவள் மாதாவைக் கூப்பிட்டாள். இப்படியொரு வழுவழுப்பை அவள் ஆயுளில் கண்டதில்லை. பட்டை வருகிற வழியில் பழுதாகிவிட்டது, இல்லாவிட்டால் தான் அளவுக்கு மிஞ்சிப் பிசைந்துவிட்டாள் என்றுதான் அவளுக்குப் பட்டது. இதைப் போய் ஒரு பச்சை உடம்புக்காரிக்குக் கொடுக்கிறதா? தொலைபேசியை மறுபடி மறுபடி அழுத்தினாள், மணி போகவில்லை. ஆர்லெற்றை எழுப்ப மனம் வரவில்லை. வழுவழுப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லுவாள். றோசலின் மேலே ஓடிப்போய்ப் பழப்புளியைக் கொண்டுவந்து, ஒரு பெரிய உருண்டையைக் கரைத்து விட்டாள். போதாததற்கு இரண்டு தேசிக்காயும் பிழிந்தாள்.

பசை அடங்கிவிட்டது. சரக்குத் தூளைப் போட்டு, சோள மாவில் களி கிண்டி, வெற்றி வீராங்கனையாகத் தட்டைக் கொண்டுபோனாள்.

ஆர்லெற் எழும்பி இருந்தாள். கண்ணில் வெளிச்சம். களியை விரலால் கிள்ளி, கறிக்குள் தோய்த்து, தூக்கினாள். கறி ரசம்போலச் சொட்டியது. மறுபடி தோய்த்தாள். மறுபடியும் சொட்டியது.

"அக்கா, இதற்குள் என்ன விட்டீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"புளி" என்றாள் றோசலின் பெருமையோடு. "பசை எல்லாம் போயிட்டுது, பார்!"

ஆர்லெற் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அந்த வழுவழுப்புத்தான் இன்குயி. அது இல்லாவிட்டால் இன்குயி இல்லை. அழுகைக்கு நடுவே ஆர்லெற் அதைச் சொல்லி முடித்தாள். பட்டை முழுவதும் சட்டிக்குள். தாய் அனுப்பியது ஒரு கட்டுத்தான்.

"நாசமாப் போன என்ர கை" என்று றோசலின் தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். மெத்ரோ பிடித்து, பனிச்சேற்றில் வழுக்கி வழுக்கி, ஆபிரிக்கக் கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். பட்டை எங்கேயும் இல்லை. வரும்போது வரும் என்றார்கள். கடைசிக் கடைக்காரி, மடியில் கல்குலேட்டரை வைத்துக்கொண்டிருந்த ஒரு பருத்த பெண், கதை முழுவதையும் கேட்டுவிட்டு மேசையில் அடித்து அடித்துச் சிரித்தாள். "புளியா! அட கடவுளே, புளியா!" பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு பை உறைந்த வெண்டிக்காயைத் தூக்கி வைத்தாள். "இங்கே பட்டை கிடைக்காதவர்கள் இதில்தான் செய்கிறார்கள். தூள் இருக்கிறதல்லவா? அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடு. புளிப் போத்தலைப் பூட்டி வை."

சனிக்கிழமை விடிந்ததும் றோசலின் கீழ்வீட்டு அடுப்படியில் நின்றாள். முன்னால் வெண்டிக்காய். அவளுக்கு ஒரு வகுப்பும் தேவைப்படவில்லை. பசை வராமலிருக்க என்னென்ன செய்யவேண்டும் என்று முப்பது வருடமாகத் தெரியும். அதையெல்லாம் தலைகீழாகச் செய்தாள். துடைக்கவில்லை, ஈரத்தோடு எடுத்தாள். பெரிதாக வெட்டவில்லை, பிளெண்டரில் போட்டு அரைத்தாள். எண்ணெய் காட்டவில்லை, இளஞ்சூட்டுத் தண்ணியில் போட்டு, மிஞ்சிய சரக்குத் தூளும் சோடாவும் போட்டு, அகப்பையால் அடி அடியென்று அடித்தாள். அது எழும்பியது. நூலாக வந்தது, கயிறாக வந்தது, கடைசியில் அகப்பையைத் தூக்கினால் சட்டியே கூட வரும்போல இருந்தது. அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து அப்படியொரு சந்தோசமும் வந்தது. "வா, வா ராசாத்தி, இன்னும் வா" என்று அந்தக் கண்றாவியைக் கொஞ்சிக் கொஞ்சி அடித்தாள்.

களியை இறக்கும்போது வாசல் மணி அடித்தது. பெர்னாடெற் அன்ரி பெரிய கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றா. உள்ளே வந்தும் கோட்டைக் கழற்றவில்லை. டனிஸ்ரன் பெட்டிகளைக் காருக்குக் கொண்டுபோகத் தொடங்கினான். ஆர்லெற் குசினி மேசைக்கு மெல்ல நடந்து வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். றோசலின் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு வழக்கம்போலக் கதவோரம் போய் நின்றாள்.

அன்ரி எட்டிப் பார்த்தா. "இது இன்குயி இல்லையே. வெண்டிக்காய்."

"ஓம், வெண்டிக்காய்தான்" என்றாள் றோசலின்.

ஆர்லெற் களியைக் கிள்ளித் தோய்த்துத் தூக்கினாள். கறி அவள் விரலோடு நீளமாக, அறாமல் வந்தது. விழுங்கினாள். இன்னொரு வாய் விழுங்கினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"என்ன பிள்ளை, சரியில்லையே?"

"அக்கா, இருங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்."

"நீ சாப்பிடு. நான் பேந்து சாப்பிடுவன்."

ஆர்லெற் தட்டை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள். "எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளை ஒருநாளும் தனியாகச் சாப்பிட விடமாட்டார்கள். சமைத்தவளும் அதே தட்டில் கை வைப்பாள். நீங்கள் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவடியில் நிற்கிறீர்கள். நான் விழுங்குகிறேனா என்று பார்க்கிறீர்கள். நீங்கள் ஒரு வாய்கூட என்னோடு சாப்பிட்டதில்லை. என்னைக் கண்டால் அருவருப்பாக்கும் என்று நினைத்தேன் அக்கா. எனக்குத் தொண்டைக்குள் ஒன்றுமே இறங்கவில்லை."

பத்தியச் சோற்றில் மற்றவள் கை வைக்கக்கூடாது என்று, பெரிய துண்டுச் சுறாவெல்லாம் பிள்ளைப்பெற்றவளுக்கே போகட்டும் என்று, தான் வெறும் பாணும் சம்பலும் தின்று நின்ற அத்தனை நாளும் றோசலினுக்கு முன்னால் வந்து நின்றன. "அடி பாவி!" என்று தமிழில் வெடித்தாள். "இதை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா நீ? நான் உனக்கெண்டு… உனக்கெண்டு…" கதிரையை இழுத்து அதில் இருந்தாள். கையைத் தட்டுக்குள் விட்டாள்.

அந்த வழுவழுப்பு விரலைச் சுற்றிக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடி வாய்க்குள் போட்டாள். சப்ப முதலே அது தானாக வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விட்டது. அவள் முகம் எட்டுக் கோணலாகியது. கார்தெரியில் பிள்ளைகள் புரோக்கோலியைத் துப்பும்போது சொல்கிற "பெர்க்!" அவளுடைய வாயிலிருந்தே வந்தது.

ஆர்லெற் சிரித்தாள். பிள்ளை பிறந்தபிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். தையல் நோக, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீர்கள் அக்கா" என்று கெஞ்சிக்கெஞ்சிச் சிரித்தாள். அறைக்குள் குழந்தை அழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தோடு ஆர்லெற்றின் இரவுச்சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் பால் கசிந்து பரவியது. அவள் குனிந்து பார்த்தாள். அன்ரியும் பார்த்தா.

றோசலின் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. போகாதே என்று அவள் ஆயுளில் எவரையும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். பெரிய ஆட்களிடம் பிரெஞ்சில் கேட்கிற வசனம் தெரியாததாலே, கார்தெரியில் உடுப்பு மாட்டித் தாயோடு புறப்படுகிற பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை சொல்கிறதைத்தான் சொன்னாள்.

"போகாத. என்னோட இரு."

அறைக்குள் குழந்தை கத்தியது. ஆர்லெற் இன்னொரு துண்டு களியைக் கிள்ளி, தோய்த்து, நிதானமாக விழுங்கினாள்.

"நாளைக்கு இதற்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போடவேண்டும் அக்கா" என்றாள்.

அன்ரி ஒரு பெருமூச்சு விட்டா. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிவர அறைக்குள் போனா. அப்போது டனிஸ்ரன் மூக்கு நுனி சிவக்கப் பனிச் சப்பாத்தோடு வந்து, கடைசிப் பெட்டியையும் ஏற்றியாயிற்று, புறப்படலாம் என்றான்.

கண்ணீரும் கறியும் வழிகிற முகத்தோடு றோசலின் திரும்பினாள். "எங்கயடா புறப்படுறது? போய் எல்லாத்தையும் இறக்கு!"

அவன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு காருக்குத் திரும்பிப் போனான்.